கூட்டம் முன்னால், நெரிசல் பின்னால்

இன்று காலை ஆய்வகத்தில் ஒரு சின்ன டப்பாவின் மூடியைத் திறந்தேன். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வதற்காகத் தலையில் கம்பிகளை ஒட்டவைக்கும் வெள்ளைப் பசை. பார்ப்பதற்கு வெண்ணெய் மாதிரி இருக்கும். வாசனை மட்டும் புதுச் சோப்பையும் மருத்துவமனை வராந்தாவையும் சேர்த்துக் குழைத்த மாதிரி. விரல் நுனியில் கொஞ்சம் எடுத்ததும், செங்கம் சாலைக் கிளினிக்கின் வாசலில் தலையெல்லாம் திட்டுத்திட்டாக வெள்ளையுடன் நீ நின்றது கண்முன் வந்தது. "இதைக் கழுவி எடுக்கறதுக்குள்ள ஒரு பாட்டில் ஷாம்பு காலிடி. என்னைப் பாத்தா சுவத்துக்கு வெள்ளையடிச்சிட்டு வந்தவ மாதிரி இல்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சாலையைக் கடக்க ஆரம்பித்திருந்தாய்.

உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. நாம் படித்த அதே கல்லூரியில் இந்தப் பருவத்தில் ஒரு புதிய பாடம் தொடங்கியிருக்கிறது. சிக்கலான அமைப்புகளும் மூளையும் என்று பெயர். நடத்துவது நான்தான். பாதிப் பருவம் வரைக்கும் அந்தப் பாடத்தில் மூளை என்ற சொல்லே வராது. துறைத்தலைவர் பாடத்திட்டத்தைப் புரட்டிவிட்டு, "மூளை எங்கம்மா?" என்று கேட்டார். "வரும் சார், அதுக்கு முன்னாடி கொஞ்சம் வேலை இருக்கு" என்றேன். சொன்னது என் வாய், பேச்சு உன்னுடையது. முதல் வகுப்பு இன்று மதியம் நடந்தது. அதில் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நேராக அங்கே போனால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். எதையும் முதலிலிருந்து வரிசையாகக் கேட்பவள் நீ.

எம்.எஸ்ஸி. இயற்பியல் முதல் வருடம். நான் அடி அண்ணாமலையிலிருந்து பேருந்தில் வருபவள், நீ டவுனுக்குள் இருப்பவள். மின்விசிறிக்குக் கீழே இருக்கும் இடம் என்பதற்காக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். என் பேனாவை எடுத்து எழுதினாய், என் கையெழுத்தைக் கிண்டல் செய்தாய், பேனாவைத் திருப்பித் தரவில்லை. ஒரு மாதத்தில் நமக்குள் சண்டை வராத நாளே கிடையாது. ஒருவரையொருவர் விட்டு உட்கார்ந்த நாளும் கிடையாது.

ஒளியியல் ஆய்வகத்தில்தான் அது முதன்முறையாக என் கண்முன் நடந்தது. அறையை இருட்டாக்கி, சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அளவெடுத்துக்கொண்டிருந்தோம். நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய், சொல் வரவில்லை. அடுத்த நொடி தரையில் கிடந்தாய். யாரோ சாவிக்கொத்தைக் கொண்டுவா, இரும்பைக் கையில் கொடு என்று கத்தினார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. என் துப்பட்டாவைச் சுருட்டி உன் தலைக்குக் கீழே வைத்தேன், உன்னைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தேன், அவ்வளவுதான். அடங்கிய பிறகு நீ கண்ணைத் திறந்து அந்த மஞ்சள் விளக்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இரண்டு நாள் கழித்து வகுப்புக்கு வந்தாய். எல்லோரும் உன்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிப் பார்த்தார்கள். நீ என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

"எந்தக் கை முதல்ல ஆடுச்சு?"

"என்னது?"

"கீழ விழுந்தேன் இல்ல, அப்ப எந்தக் கை முதல்ல ஆடுச்சுன்னு கேக்கறேன். நீதான பக்கத்துல இருந்த?"

"இடது கை. அப்புறம் முகம் ஒரு பக்கமா இழுத்துச்சு. அப்புறம் எல்லாமே."

"நல்லா பாத்தியா? ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா, இல்ல எல்லாம் ஒண்ணாவா?"

"ஒண்ணுக்கப்புறம் ஒண்ணுதான்டி."

உன் முகம் மலர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன். "பத்தாவது படிக்கும்போதுல இருந்து இது வருது. யாரைக் கேட்டாலும் அழறாங்க, இல்லன்னா பேச்சை மாத்தறாங்க. உலகத்துல இதை ஒரு தடவைகூடப் பாக்காத ஒரே ஆள் நான்தான்டி. வரிசையா சொன்ன முதல் ஆள் நீ" என்றாய்.

உன் வீட்டில் அது பேசக்கூடாத விஷயமாக இருந்தது. அப்பா வேலூர் பேருந்தில் நடத்துநர். அம்மா உன் மாத்திரைகளை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டு வைத்து, பக்கத்து வீட்டார் கேட்டால் சத்து மாத்திரை என்பார். ஒவ்வொரு முறை வந்த பிறகும் ஒரு காரணம் தேடுவார். நீ சரியாகச் சாப்பிடவில்லை, அமாவாசையன்று தலைக்குக் குளித்தாய், அந்தக் கல்யாணத்தில் கண் பட்டுவிட்டது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த முறை வராமல் தடுத்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஒவ்வொரு காரணமும் கடைசியில் உன் மேலேயே வந்து முடியும்.

வாரத்துக்கு ஒருமுறை வேலூரிலிருந்து செங்கம் சாலைக் கிளினிக்குக்கு ஒரு நரம்பியல் மருத்துவர் வருவார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் துணைக்கு நான் வந்தேன். அங்கிருந்த அக்கா உன் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, பசை வைத்து, கம்பிகளை ஒட்டினார். கண்ணை மூடு, திற, வேகமாக மூச்சு விடு என்றார். நீ படுத்திருந்ததால் திரை உனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. வரிவரியாகக் கோடுகள், ஒவ்வொன்றும் அதனதன் போக்கில் கிறுக்கிக்கொண்டு ஓடின. திடீரென்று வலது பக்கத்துக் கோடுகள் இரண்டு மூன்று ஒன்றாக எகிறின. பக்கத்தில் இருந்தவை சேர்ந்துகொண்டன. சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் அடங்கிப் பழைய கிறுக்கலுக்குப் போய்விட்டன. உனக்கு வெளியில் ஒன்றுமே நடக்கவில்லை. "எப்பக்கா முடியும்? மூக்கு அரிக்குது" என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

மருத்துவர் அந்த இடத்தைத் திரையில் நமக்குக் காட்டினார். "வலிப்புன்னா மூளை தாறுமாறா ஓடுதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்கம்மா. இங்க பாருங்க. சாதாரணமா ஒவ்வொரு செல்லும் அது அது வேலைய அது அது நேரத்துல செய்யும். இந்த இடத்துல நெறைய செல்லுங்க ஒரே நேரத்துல ஒரே வேலைய செய்யுது. அதான் பிரச்சனை."

வெளியே வந்ததும் நீ நடக்கவில்லை, ஓடினாய். ஆசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் உட்காரும் ஒரு கடையில் எலுமிச்சைத் தேநீர் சொல்லிவிட்டு, தலையில் பசையோடு மேசையைத் தட்டினாய். பக்கத்து மேசையில் தியானம் மாதிரி உட்கார்ந்திருந்த ஒருவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஒழுங்கு கம்மியாகி வர்ற நோய்னு இத்தனை நாள் நெனைச்சேன்டி. ஒழுங்கு ஜாஸ்தியாகி வருதாம். அதெப்படி? யாரு சொல்லி எல்லாம் ஒண்ணா சேருதுங்க? தலைவர் யாரு?"

"மூளைதான் தலைவர்."

"லூசு, மூளைக்குள்ள யாரு தலைவர்னு கேக்கறேன்."

அன்றைக்கு ஆரம்பித்தது. மருத்துவம் படிக்கும் உன் சித்தி மகனிடமிருந்து மூளையைப் பற்றிய தடிப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தாய். ஒரு வாரம் அதைச் சுமந்து திரிந்தோம். பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள். இந்த மடிப்புக்கு ஒரு பெயர், அந்தக் குழிக்கு ஒரு பெயர். ஒரு மதியம் புத்தகத்தைப் பட்டென்று மூடினாய். "இது வாக்காளர் பட்டியல் மாதிரி இருக்குடி. ஊர்ல யார் யார் இருக்காங்கன்னு தெரியும். ஊர்ல கலவரம் எப்படி வந்துச்சுன்னு இதைப் படிச்சா தெரியாது. மூளையை இப்போதைக்கு விடு. நெறைய பேரு ஒண்ணா இருந்தா என்ன ஆகும், அதை முதல்ல பாக்கலாம். கண்ணுக்குத் தெரியற மாதிரி எதனா வேணும்."

கண்ணுக்குத் தெரிகிற நிறையப் பேர் எங்கள் வீட்டு வாசலிலேயே மாதாமாதம் வருகிறார்கள் என்பது உனக்கு முன்னால் எனக்குத் தோன்றவில்லை. நான் பிறந்ததிலிருந்து பார்க்கும் கூட்டம். பௌர்ணமி கிரிவலம் என்றால் அப்பா வாசலில் எலுமிச்சை ஜூஸ் கடை போடுவார், அம்மா உள்ளே சர்க்கரை கரைப்பார், நான் டம்ளர் கழுவுவேன். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அதான் பாக்கப் போறோம்" என்றாய்.

அந்தப் பௌர்ணமி மாலை, வெயில் இறங்கும் நேரத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றோம். சாலை இரண்டு பக்கமும் வெகுதூரம் தெரியும். ஜனங்கள் இடமிருந்து வலமாக ஆறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தார்கள். நீ கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"அங்க பாரு" என்றாய் திடீரென்று. "வலது பக்கம், அந்த வேப்பமரத்துக்கிட்ட. கூட்டம் கெட்டியா இருக்கு பாரு."

"ஆமா, நெரிசல்."

"அது நம்ம பக்கம் வருது."

நான் உற்றுப் பார்த்தேன். ஜனங்கள் வலது பக்கம் போகிறார்கள். அந்த நெரிசலோ, ஒரு கறுப்புப் பட்டை மாதிரி, இடது பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. வேப்பமரத்திலிருந்து மின்கம்பத்துக்கு, மின்கம்பத்திலிருந்து எங்கள் வாசலுக்கு. வாசலில் ஜூஸ் குடித்துவிட்டு நடக்கத் தொடங்கியவர்கள் நின்றார்கள், பிறகு நகர்ந்தார்கள். பட்டை எங்களைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. இத்தனை வருடம் அந்த மாடியில் துணி காயப்போட்டிருக்கிறேன், ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

"கூட்டம் முன்னால போகுது, நெரிசல் பின்னால போகுது" என்று நீ மெதுவாகச் சொன்னாய். பிறகு மாடிப்படியில் தடதடவென்று இறங்கினாய்.

கீழே அப்பா, "எங்கம்மா ஓடற?" என்றார்.

"நெரிசல் எதனால வருதுன்னு பாக்கப் போறேன்பா."

"இதுக்கா ஓடற? எவனாச்சும் நடுவுல நின்னு செல்ஃபி எடுப்பான். வேற இன்னா?"

"அவனைத்தான் தேடிப் போறேன்."

அன்றைக்கு அதிசயமாக அந்தக் கூட்டத்திலும் சிக்னல் கிடைத்தது. நீ சாலையில் கலந்து நடந்தாய். நான் மாடியிலிருந்து உன் மஞ்சள் சுடிதாரைக் கண்ணால் பிடித்துக்கொண்டு போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எதிர்ல ஒரு பட்டை வருதுடி. இன்னும் கொஞ்ச நேரத்துல நிப்ப பாரு."

"நின்னுட்டேன். எல்லாரும் நின்னுட்டாங்க."

"முன்னால யாரு?"

"ஒருத்தருமில்லடி. செல்ஃபியுமில்ல, ஒண்ணுமில்ல. பக்கத்துல இருக்கறவரைக் கேட்டேன், முன்னால நின்னாங்க நானும் நின்னேன்னு சொல்றாரு. அவருக்கு முன்னால இருக்கறவங்களும் அதையேதான் சொல்றாங்க. இதோ, நகர ஆரம்பிச்சிடுச்சு. நின்ன எடத்துல எதுவுமே இல்லடி."

திரும்பி வந்தபோது உனக்கு மூச்சு வாங்கியது, முகம் பளபளவென்று இருந்தது. என் அம்மா கொடுத்த ஜூஸைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாய். எல்லோரும் ஒரே மாதிரி நல்லபடியாகத்தான் நடக்கிறார்கள். முன்னால் இருப்பவர் கொஞ்சம் தயங்கினால் பின்னால் இருப்பவர் கொஞ்சம் அதிகமாகத் தயங்குகிறார், அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் அதிகமாக. கூட்டம் குறைவாக இருந்தால் அந்தத் தயக்கம் அங்கேயே கரைந்துவிடும். கூட்டம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் கரையாது, வளரும். நெரிசல் எந்த ஆளிடமும் இல்லை, ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் இருக்கிறது.

அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப யாரு மேலதான் தப்பு?" என்றார்.

"யாரு மேலயும் இல்லப்பா."

சொன்ன வாயோடு நீ அப்படியே நின்றுவிட்டாய். பிறகு மாடிக்கு வந்து, இருட்டத் தொடங்கிய மலையைப் பார்த்தபடி என்னிடம் தனியாகச் சொன்னாய். "எங்கம்மா எத்தனை வருஷமா அந்த செல்ஃபி எடுக்கறவனைத் தேடறாங்க. நானும் தேடனேன். அப்படி ஒருத்தன் இல்லாமலேகூட இருக்கலாம்டி." உன் குரல் உடைந்தது. ஆனாலும் அதில் இருந்தது சந்தோஷம்தான். எனக்குத் தெரியும்.

அதன் பிறகு நாம் பைத்தியம் பிடித்த மாதிரித் திரிந்தோம். மழைக்குப் பிறகு சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்து தவளைகளின் கத்தல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுவதைக் கேட்டோம். பேருந்து நிலையத்தில் ஆட்டோக்கள் ஒன்றையொன்று மறிப்பதைப் பார்த்தோம். கல்லூரிக் கணினி அறையில் ப்ரோக்ராம் எழுதினோம். முதலில் வட்டமாக நடக்கும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு விதி: முன்னால் இருப்பதை இடிக்காதே. எவ்வளவு தாமதமாக அது முன்னால் இருப்பதைக் கவனிக்கிறது என்பதற்கு ஓர் எண். அந்த எண்ணை நீ ஏற்றிக்கொண்டே போனாய். ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை, பிறகு ஒரேயடியாகப் பட்டைகள் தோன்றிப் பின்னால் நகர்ந்தன. நீ அடித்த விசிலுக்குக் கணினி அறைப் பொறுப்பாளர் நம்மை ஒரு வாரம் உள்ளே விடவில்லை.

அடுத்த ப்ரோக்ராமுக்கு ஒரு மாதம் ஆனது. திரை முழுக்க மின்மினி மாதிரிச் சிமிட்டும் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேகம். பக்கத்தில் இருப்பதை ஒவ்வொன்றும் எவ்வளவு கவனிக்கிறது என்பதற்கு ஓர் எண். ஒரு மதியம், அறையில் நாம் இருவர் மட்டும். "கொஞ்சம் கொஞ்சமா ஏத்து" என்றாய். ஏற்றினேன். புள்ளிகள் அதனதன் போக்கில் சிமிட்டின. இன்னும் ஏற்றினேன். ஓர் ஓரத்தில் சில புள்ளிகள் சேர்ந்து சிமிட்டின. அடுத்த தட்டலில் அந்த ஓரம் பரவியது. திரை முழுவதும் ஒன்றாக வெளுத்தது, ஒன்றாக இருண்டது, மறுபடி வெளுத்தது.

நீ நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தாய். வெகுநேரம் பார்த்தாய். "கை ஆடுறப்ப இந்த மாதிரித்தான் இருந்துச்சா?" என்று என்னைக் கேட்டாய். இருந்தது என்றேன். "இப்பத்தான் பாக்கறேன்" என்றாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே, "சரி, இப்ப குறை" என்றாய். குறைத்தேன். அவை சேரத் தொடங்கிய அளவுக்கு எண் திரும்பி வந்தும் புள்ளிகள் கலையவில்லை. இன்னும் வெகுவாகக் குறைத்த பிறகுதான் கலைந்தன. "போன வழியில திரும்பி வரல பாருடி" என்று துள்ளினாய். அடுத்த நிமிடமே என்னை எச்சரித்தவளும் நீதான். "இது என் மூளை இல்ல. அதை மறந்துடாத. ஆனா இது புரியாம என் மூளை எனக்குப் புரியாது."

நம் ப்ராஜெக்டை வழிகாட்டி அரைமனதாகத்தான் ஒத்துக்கொண்டார். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். அப்போதெல்லாம் அம்மா உன்னைத் தனியாக விடுவதில்லை. அன்றைக்கும் வராந்தா பெஞ்சில், திறந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். கிரிவலத்தில் தொடங்கி மின்மினிப் புள்ளிகள் வரை நீ மூச்சுவிடாமல் பேசினாய். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கூட்டத்துல ஆரம்பிச்சு மூளைக்கு எப்படிம்மா வந்தீங்க?"

"நான் மூளையில இருந்துதான் சார் கூட்டத்துக்கு வந்தேன். எனக்கு வலிப்பு இருக்கு."

அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஜன்னலுக்கு அப்பால் அம்மாவின் தலை நிமிர்ந்ததை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். இருந்தும் நிறுத்தவில்லை. இடது கையில் தொடங்குவதையும், கோடுகள் சேர்ந்ததையும், பெயர்களைப் படித்தது ஏன் போதவில்லை என்பதையும் சொன்னாய். பேராசிரியர் எழுந்து வந்து உன் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிப் பலகையில் ஒரு படம் போட்டார். நீ அதை அழித்து வேறு மாதிரிப் போட்டாய். இரண்டு பேரும் அங்கே தேர்வு நடக்கிறது என்பதையே மறந்துவிட்டீர்கள். அடுத்துக் காத்திருந்தவர்கள் கதவைத் தட்டும் வரை அது போனது.

வெளியே அம்மா உன் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊருக்கே சொல்லிட்ட. இனிமே யாரு வருவாங்க?"

"வர்றவங்க தெரிஞ்சே வரட்டும்மா."

போளூரிலிருந்து பேசிக்கொண்டிருந்த வரன் அந்த மாதமே நின்றுபோனது. அம்மா உன்னிடம் வாரக்கணக்கில் பேசவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வந்திருந்தபோது நீ மடிக்கணினியை அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்த இடத்துக்கே எடுத்துப் போய் வைத்தாய். புள்ளிகளை ஓடவிட்டாய். வேண்டாவெறுப்பாகப் பார்த்தார். சேர்ந்து சிமிட்டத் தொடங்கியதும் அவர் கையில் பூண்டு அப்படியே நின்றது.

"இதுல எது நீ?" என்று கேட்டார்.

"எல்லாமே நான்தாம்மா."

"எது மொதல்ல கெட்டுப் போச்சு?"

"எதுவும் கெட்டுப் போகலம்மா. ஒண்ணையொண்ணு ரொம்ப கவனிச்சிடுச்சுங்க."

அம்மா அதை மறுபடி போடச் சொன்னார். அதற்கும் பிறகு இன்னொரு தடவை. அன்றைக்கு இரவு உனக்குப் பிடித்த பூண்டுக் குழம்பு என்று மறுநாள் பெருமையாகச் சொன்னாய். ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து மாத்திரைகள் எல்லோரும் பார்க்கும்படி அலமாரிக்கு வந்தன.

அந்தப் பேராசிரியர் எழுதிய சிபாரிசும் உன் மதிப்பெண்ணும் சேர்ந்து வெளிமாநிலத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் உனக்கு இடம் வாங்கித் தந்தன. நான் டவுனில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். நீ அங்கிருந்து போன் செய்யும்போதெல்லாம் ஹலோ சொல்ல மாட்டாய். "எறும்புடி, எறும்பு" என்றுதான் ஆரம்பிப்பாய். இல்லையென்றால் பங்குச் சந்தை, இதயத்துடிப்பு, பறவைக் கூட்டம். "மூளைக்கு எப்படி போவ?" என்று கேட்டால், "போறேன் இரு. அவசரப்பட்டுப் போனா மறுபடி பேரு மனப்பாடம் பண்ணிட்டு வந்துடுவேன்" என்பாய். இரண்டாம் வருட முடிவில் மூளைக்கு வந்தே விட்டாய். முதல்முறையாக நிஜமான மூளைப் பதிவுகளைக் கையில் எடுத்த வாரம், பேசிய பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. உன் சிரிப்பு மட்டும் புரிந்தது.

பிறகு ஒரு காலை, நீ இல்லை என்ற செய்தி வந்தது. விடுதி அறையில், தூக்கத்திலேயே. வலிப்பு உள்ளவர்களில் மிகச் சிலருக்கு இப்படி நேர்வதுண்டு என்று மருத்துவர் சொன்னார். ஏன் என்று இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். உன்னைக் கொண்டுவந்து வைத்திருந்த கூடத்தில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களில் ஒருத்தி, தனியாக அனுப்பியதுதான் தப்பு என்று முணுமுணுத்தாள். அழுதுகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கி, "யாரு மேலயும் தப்பு இல்ல. அப்படிப் பேசாதீங்க" என்றார்.

ஏன் என்று தெரியவில்லை என்ற அந்த வார்த்தையோடு என்னால் பள்ளியில் இருக்க முடியவில்லை. ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில், மூளையைப் பற்றி இதுவரை என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார்கள். ஒன்றும் படிக்கவில்லை, கிரிவலக் கூட்டத்தைப் படித்திருக்கிறேன் என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பலகைக்கு வரச் சொன்னார்கள். அதன் பிறகு கழிந்த வருடங்களை நீ அறிந்தால் பொறாமைப்படுவாய். ஓர் அமைப்பு ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவப்போகும் எல்லையை நெருங்கும்போது, சின்ன அசைவிலிருந்து மீள்வதற்கே அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் என்று ஒரு விஷயம் உண்டு. அதைப் படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வலிப்புக்கு முன்பும் மூளை அப்படித் தடுமாறுகிறதா, அதை முன்கூட்டியே கண்டுகொள்ள முடியுமா என்பதுதான் இப்போது என் வேலை. சிலரிடம் தெரிகிறது, சிலரிடம் தெரியவில்லை. ஏன் இந்த வித்தியாசம் என்பதில்தான் நாங்கள் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கிறோம். உனக்கு மிகவும் பிடித்திருக்கும் இடம் அது.

இப்போது இன்றைக்கு வருகிறேன். போன வாரம் உன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தபோது பாடம் தொடங்குவதைச் சொன்னேன். "நான் வந்து உக்காரலாமா?" என்று கேட்டார். இன்று மதியம் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து, கடைசி பெஞ்சில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். நான் பலகையில் எதுவும் எழுதவில்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டுங்கள், உங்கள் இஷ்டப்படி, நிறுத்தச் சொல்லும் வரை என்றேன். முதலில் மழை மாதிரி இரைச்சல். நான் எதுவும் செய்யவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இரைச்சலுக்குள் ஒரு தாளம் முளைத்தது. தயங்கியது, கலைந்தது, மறுபடி பிடித்தது. வகுப்பு முழுக்க ஒரே தட்டலாக ஆனபோது பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் அம்மா கண்ணை மூடியபடி அதே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தார், தலை லேசாக ஆட.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மெதுவாக முன்னால் வந்தார்.

"அன்னைக்கு அவளுக்கு உள்ள என்ன நடந்துச்சுன்னு இப்ப உனக்குத் தெரியுமாம்மா?"

இத்தனை வருடத்தில் அம்மா கேட்காத கேள்வி. பொய் சொல்லத் தோன்றவில்லை. "முழுசா தெரியாதும்மா. முன்னைவிட கொஞ்சம் ஜாஸ்தி தெரியும். எங்கேருந்து பாக்கணும்னு தெரியும்."

அம்மா பலகையைப் பார்த்தார். அதில் இன்னும் ஒன்றுமே எழுதப்படவில்லை. "சரி. பாரு. தெரிஞ்சதும் என்கிட்டதான் மொதல்ல சொல்லணும்" என்றார். பிறகு, "அடுத்த வியாழக்கிழமையும் இதே நேரம்தான?" என்று கேட்டுக்கொண்டு படியிறங்கினார்.

தெரியாத ஒன்று எதிரில் வந்து நிற்கும்போது எனக்கு ஒரு துள்ளல் வரும். உன்னைப் பார்ப்பதற்கு முன்னால் அது பயமாகத்தான் இருந்தது. எப்போது மாறியது என்று தேடிப் பார்த்தேன், ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. இன்று அம்மா படியிறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் அது வந்தது. அடுத்த வகுப்புக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் உன்னிடம் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தேன் போலிருக்கிறது. எதிரில் வந்த இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள்.